எங்கள் காருக்கு வந்த விக்கல்

எங்கள் காருக்கு விக்கல் வந்தது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வாங்குவதற்கு ஆள் வந்துவிட்டார்.

நடந்தது இதுதான். அப்பாவின் காரைத் தொடக்கத்திலிருந்து திருத்திவந்த மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்; அவருடைய கராஜ் மாத்தளை டவுனுக்கு வெளியே உக்குவளையில் இருந்தது. அங்கே டெலிபோன் கிடையாது. பக்கத்துப் பலசரக்குக் கடைக்கு எடுத்துத்தான் சொல்லிவிட வேண்டும். அம்மா அந்தக் கடைக்கு எடுத்து, "எங்கட கார் விக்குது எண்டு பாஸிட்டைச் சொல்லிவிடுங்கோ" என்றிருக்கிறார். ஓடும்போது நடுநடுவே மூச்சுப் பிடித்துக் குலுங்குகிறது, விக்கல் எடுக்கிறது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. கடைக்காரருக்கு விக்கிறது என்றால் விற்கிறதுதான். "டவுன்ல அந்த அம்மா கார் விக்குதாம்" என்று பாஸிடம் சொல்லிவிட்டார். கண்டவன் கையில் கார் போய்விடக் கூடாதே என்று பாஸ் பதறி, பழைய கார்களைச் சேர்த்து வைக்கும் ஒரு கண்டி முதலாளியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார்.

முதலாளி காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கறுப்பு நிற ஏ-ஃபோர்ட்டி, பழைய இங்கிலாந்துக் கார். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது அப்பா வாங்கியது. முகப்பு உருண்டு திரண்டு, சாப்பாடு முடித்த மனிதரைப் போலத் திருப்தியாக இருக்கும். கியர் ஸ்டியரிங்கோடு சேர்ந்திருக்கும். வளைவில் திரும்ப வேண்டுமென்றால் கதவுக்குப் பக்கத்திலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிக்னல் கை வெளியே நீளும். சில சமயம் அந்தக் கை நீண்டபடியே நின்றுவிடும். உள்ளே இருந்து ஒரு குத்து விட வேண்டும்.

சுவரைத் தடவிக்கொண்டு அம்மா வெளியே வந்தார். கண்ணில் அழுத்த வியாதி வந்து அப்போது அவருக்கு ஒரு கண் முழுவதாகப் போய்விட்டிருந்தது. மற்றக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான்.

"உவர் ஆர், தம்பி?" என்றார் பாஸிடம்.

"கார் பாக்க வந்தவங்க அம்மா. நீங்க விக்கிறதாச் சொன்னீங்களாமே."

"விக்குது எண்டுதான் சொன்னனான். விக்கிறன் எண்டோ சொன்னனான்?"

பாஸுக்குப் புரிய ஒரு நிமிஷம் எடுத்தது. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம், அவருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பினோம்.

நானும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் காரைச் சுற்றி வந்த கால்மணி நேரமும், இதை இவர் வாங்கிக்கொண்டு போய்விட்டால் நல்லது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன். அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து அது. அதில்தான் நான் கார் ஓட்டப் பழகினேன். என்றாலும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். அதற்குக் காரணம் என் கைப்பையில் இருந்த ஒரு கடிதம்.

அது போர் நிறுத்தம் வந்து வடக்கே போகும் பாதை திறந்த வருஷம். மாத்தளையில் எங்கள் வீட்டு வாசலால் ஓடும் வீதிதான் தம்புள்ளை, வவுனியா என்று போய் யாழ்ப்பாணத்தில் முடிகிறது. அப்பா அரசாங்க நில அளவையாளர். அவரும் அம்மாவும் வேலைக்கென்று மாத்தளைக்கு வந்து, இங்கேயே தங்கி, என்னையும் இங்கேயே பெற்று வளர்த்தார்கள். ஆனாலும் அம்மாவுக்கு வீடு என்றால் கொடிகாமம் தாண்டி ஓர் ஒழுங்கையில் இருந்த அவருடைய சீதன வீடுதான். "வாசலால இறங்கி நேர போனா வீடு" என்பார், ஏதோ சந்திக் கடைக்குப் போவது மாதிரி. ஒவ்வொரு சித்திரை லீவுக்கும் அந்தக் காரில்தான் போவோம். எண்பத்து மூன்று சித்திரைக்குப் போனதுதான் கடைசி. அந்த ஆடியில் மாத்தளை டவுன் எரிந்தது. பிறகு பாதையும் மூடிவிட்டது, அப்பாவும் போய்விட்டார்.

பாதை திறந்த செய்தியை ரேடியோவில் கேட்ட அன்றே அம்மா சொன்னார்: "வீட்டை போவம். எங்கட காரில."

வாடகைக்கு வான் பிடித்துக்கொண்டு போகலாம் என்றேன். மாட்டேன் என்றார். பஸ்ஸில் போகலாம், இப்போது நேரடி பஸ் ஓடுகிறது என்றேன். "எனக்குக் கண் தெரியாது பிள்ளை. வேற வாகனத்தில ஏறினா எங்க போறன் எண்டு எனக்குத் தெரியாது. எங்கட காரில எண்டா எனக்கு ரோட்டு தெரியும்" என்றார்.

அதற்கு அடுத்த வாரம்தான் ஊரிலிருந்து அம்மாவின் தம்பி மகன், என் மச்சான், எழுதிய கடிதம் நான் வேலை செய்யும் கந்தோர் முகவரிக்கு வந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம் என்று மேலேயே கோடு போட்டு எழுதியிருந்தான். வீட்டுக்கு ஷெல் விழுந்து முன்பக்கம் முழுவதும் போய்விட்டது. கூரை இல்லை. ஒழுங்கைக்கரையில் நின்ற நீள மதில் இருந்த இடம் தெரியவில்லை. பின்னால் சமைக்கும் குசினியின் சுவர் ஒன்றும் வாசல் பலாவும்தான் மிச்சம்.

நான் கந்தோர் மேசையில் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். கண்ணையும் கொடுத்து, கணவரையும் கொடுத்து, அந்த வீடு இருக்கிறது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நடமாடுகிறார் என்று எனக்குப் பட்டது. அதையும் பிடுங்கினால் மனிசி விழுந்துவிடும் என்று பயந்தேன். ஆகவே ஒரு திட்டம் போட்டேன். முடிந்தவரை இழுத்தடிப்பது. முடியாவிட்டால் கூட்டிக்கொண்டு போய், பலா மரத்தடியில் கதிரை போட்டு இருத்தி, வீடு இருக்கிறது, திண்ணை இருக்கிறது, உள்ளே மட்டும் திருத்த வேலை நடக்கிறது, இப்போது போக முடியாது என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டு திரும்பிவிடுவது. அம்மாவுக்குத்தான் கண் தெரியாதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் புறப்பட்டேன்.

இழுத்தடிப்பதற்குக் காரின் உதவி நிறையக் கிடைக்கும் என்று நம்பினேன். அப்பா போன பிறகு வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் மாதம் ஒருமுறை கண்டிக் கண் கிளினிக்குக்கும் மட்டும் ஓடிய கார். ரேடியேட்டர் ஒழுகியது. பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுத்தது. டயர்கள் மொட்டையடித்திருந்தன. அந்த அளவு டயர் எங்கும் கிடைப்பதில்லை. இவ்வளவையும் சரிசெய்ய ஒரு வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். பாஸ் யாரென்று தெரிந்தும் அப்படி நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் மடத்தனம்.

பாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் வெளிநாட்டிலிருந்து எந்தச் சாமானும் வராத காலத்தில் அந்தக் காரை ஓடவைத்தவர் அவர். கதவுப்பிடி ஒரு லொறியுடையது. வைப்பர் மோட்டார் எதிலிருந்து வந்தது என்று அவருக்கே மறந்துவிட்டது. சைலன்சர் உக்கிப் போனபோது, இரத்தோட்டைத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கழித்துப்போட்ட குழாய்த் துண்டை வாங்கி வெட்டி ஒட்டி அவரே ஒன்று செய்து பூட்டினார். அதன் பிறகு எங்கள் கார் உலகத்தில் வேறு எந்தக் காரும் போடாத ஒரு சத்தம் போட்டது. தொம் தொம் என்று அடித்தொண்டையால் பேசும். நாங்கள் வருவது சந்திக்கு அப்பாலேயே தெரியும். பள்ளிக்கூடக் காலத்தில் எனக்கு அதனால் மானம் போகும்.

எண்பத்து மூன்றில் டவுனில் புகை எழும்பிய அன்று, யாரும் சொல்லாமலே பாஸ் வந்து காரை ஓட்டிக்கொண்டு போனார். தன் கராஜில் வைத்து நான்கு சில்லுகளையும் கழற்றி, எஞ்சினை வெளியே எடுத்துப் போட்டு, பொனட்டை மரத்தில் சாய்த்து, மேலே கிழிந்த சாக்கும் பழைய இரும்பும் போட்டு மூடினார். தேடி வந்தவர்கள் அதைக் கழிவு இரும்பு என்று நினைத்துப் போய்விட்டார்களாம். மூன்று மாதம் கழித்து முழுக்காராகக் கொண்டுவந்து வாசலில் விட்டார். அப்பா நன்றி சொல்ல வாய் திறந்தபோது, "பிளக் நாலும் புதுசு போட்டிருக்கேன், நல்லா ஓடும்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் டயருக்கா சளைப்பார்? விக்கல் கதை நடந்த இரண்டாம் வாரமே எங்கிருந்தோ நான்கு டயர் தேடிப் பிடித்துவிட்டார்.

விக்கலுக்கு அவர் முதலில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். நிற்கவில்லை. பெற்றோல் பம்பைப் பிரித்தார். நிற்கவில்லை. அம்மா கராஜில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, எங்களுக்கு விக்கல் வந்தாத் தண்ணி குடிப்பம். இதுக்குத் தண்ணி குடிச்சதாலதான் வந்திருக்கு. வயித்தைப் பாருங்கோ."

பாஸ் பெற்றோல் டேங்கின் அடியில் இருந்த திருகைக் கழற்றினார். போத்தலில் பிடித்துப் பார்த்தால் அரைப்போத்தல் தண்ணீர் அடியில் தெளிவாகப் பிரிந்து நின்றது. மழைக்காலத்தில் மூடி வழியாக இறங்கியிருக்கிறது.

"அல்லாவே" என்றார் பாஸ். "மிஸ், ஒங்கட அம்மாவ நான் சம்பளத்துக்கு எடுத்துக்கிறேன்."

அன்றிலிருந்து கராஜில் ஒரு புதுமுறை நடைமுறைக்கு வந்தது. காரை ஓட்டிக் காட்டுவது, அம்மா கேட்பது, அம்மா சொல்லும் சத்தத்துக்கு ஏற்பப் பாஸ் கை வைப்பது. அம்மாவிடம் இதற்கென்று ஓர் அகராதியே இருந்தது. முப்பது வருஷம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்த அகராதி. கடகட என்றால் ஏதோ தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போதும். கிறீச் என்றால் பெல்ட். கறகற என்றால் கல்லோ மண்ணோ போயிருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. நறநற என்றால் மட்டும் உடனே நிறுத்த வேண்டும்.

பின்பக்கத்தில் ஒரு சத்தம் வந்தபோது பாஸ் அது பின் அச்சின் பல்சக்கரப் பெட்டி, டிஃபரன்ஷியல் என்று சத்தியம் செய்தார். அம்மா, "இல்லைத் தம்பி, அது அடித்தொண்டையால உறுமும். இது பல்லைக் கடிக்குது. நறநற. இடப்பக்கச் சில்லு" என்றார். பாஸுக்கும் ரோசம் இருக்கிறது அல்லவா? டிஃபரன்ஷியலைப் பிரித்து, முழங்கை வரை எண்ணெயாகி, ஒன்றும் இல்லை என்று கண்டு, திரும்பப் பூட்டினார். பிறகு இடப்பக்கச் சில்லைக் கழற்றினார். பேரிங்கில் இரண்டு குண்டுகள் பொடியாகியிருந்தன. பேரிங்கைத் துணியில் துடைத்து அம்மாவின் உள்ளங்கையில் கொண்டுபோய் வைத்தார். அம்மா விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "பாவம்" என்றார். காரைச் சொன்னாரா, பாஸைச் சொன்னாரா என்று தெரியாது.

எனக்கு அம்மாவின் மீது ஆத்திரமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நான் வருஷம் முழுவதும் இழுக்கலாம் என்று பார்த்த வேலையை, கண் தெரியாத எழுபத்து நான்கு வயது மனிசி இரண்டு மாதத்தில் முடித்துக்கொண்டிருந்தார். அப்பா உயிரோடிருந்த காலத்தில் அம்மா காரில் ஏறுவார், முறுக்கும் பிளாஸ்கும் மடியில் வைத்திருப்பார், இறங்குவார். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலை என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு, நீண்ட ஏற்றம் ஒன்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் பாஸ். இரத்தோட்டைக்குப் போய் அங்கிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் மேலே ஏறினோம். நான் ஓட்டினேன், அம்மா பக்கத்தில், பாஸ் பின் சீட்டில் தண்ணீர்க் கானைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு. தேயிலை முடிந்து மூட்டம் இறங்கிய இடத்தில், ஒரு பக்கம் மலையை வெட்டிய பாறை வந்தது. காரின் தொம் தொம் அந்தப் பாறையில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"கேக்குதே? பக்கத்தில கல்லு. கல்லு திருப்பித் தாற சத்தம் வேற, மதில் திருப்பித் தாற சத்தம் வேற. எங்கட ஒழுங்கைக்குள்ள திரும்பின உடனை மதில் இந்தக் காரோட கதைக்கத் தொடங்கும். கொப்பர் ஹோர்ன் அடிக்கிறதே இல்லை. மதில் கதைக்கிறதைக் கேட்டிட்டு உள்ளுக்க கேத்தில் வைப்பினம், பக்கத்து வளவுச் சனமும் படலைக்கு ஓடி வரும்."

இதை நான் யோசிக்கவே இல்லை. கண்ணைத்தானே ஏமாற்றத் திட்டம் போட்டேன், காது என்று ஒன்று இருப்பதை எப்படி மறந்தேன்?

திரும்பும் வழியில் இரத்தோட்டையில் தேநீருக்கு நிறுத்தினோம். அம்மா காரில் இருந்தார். கடை வாசலில் பாஸிடம் கடிதத்தின் விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றார். முடிவில் நான் சொன்னேன்:

"பாஸ், சைலன்சர மாத்துங்க. சத்தம் இல்லாத ஒண்ணு போடுங்க. சத்தமே வெளிய வரக்கூடாது."

"அது நான் செஞ்ச சைலன்சர், மிஸ்."

"தெரியும்."

"முப்பது வருஷமா ஓடுது."

"தெரியும் பாஸ். அம்மாவுக்காகத்தான் கேக்குறேன்."

"கண்ணு தெரியாதவங்களுக்குப் பொய் சொல்லலாம். இவ்வளவு காது உள்ளவங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது." கோப்பையைக் கீழே வைத்தார். "மிஸ் சொல்றதால செய்றேன். ஆனா பழச நான் எறிய மாட்டேன்."

ஜப்பான் வான் ஒன்றின் சைலன்சரைப் பூட்டினார். கார் பூனை மாதிரி ஆகிவிட்டது. அம்மாவை ஏற்றிக்கொண்டு உக்குவளையிலிருந்து வீட்டுக்குப் புறப்பட்டேன். ரயில் கேட்டைத் தாண்டவில்லை.

"ஆரின்ரை கார் இது?"

"எங்கட கார்தான் அம்மா. சைலன்சர் பழசாப் போச்சு, தூரப் பயணம் எண்டு பாஸ் புதுசு போட்டிருக்கிறார்." என் வாய் என்னை அறியாமல் அம்மாவின் தமிழில் பேசியது. பொய் சொல்லும்போது எனக்கு அப்படித்தான் வரும்.

அம்மா முன்தட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தார். பிறகு, "நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன். கதவைத் திறந்து, ரோட்டில் இறங்கி, காரைக் கையால் தடவிக்கொண்டே பின்பக்கம் போய் நின்றார். "பழசைப் பூட்டச் சொல்லு. இல்லாட்டில் நான் பஸ்ஸில போறன்." அந்தப் பக்கமாக வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக் கத்தினான். அம்மா அசையவில்லை. கண் தெரியாத மனிசியோடு நடுரோட்டில் எவ்வளவு நேரம் சண்டை பிடிக்கலாம்? காரைத் திருப்பினேன்.

பாஸ் பழைய சைலன்சரைத் துடைத்துத் தயாராக வெளியில் எடுத்து வைத்திருந்தார். பூட்டும்போது சீட்டி அடித்தார்.

இனி இழுக்க ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த வியாழக்கிழமை விடிந்து வரும்போது புறப்பட்டோம். அம்மா நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். வழியனுப்ப உக்குவளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த பாஸ், பொனட்டில் கை வைத்து மெதுவாக பிஸ்மில்லா சொன்னார். மேலதிக பெல்ட், ஹோஸ், பிளக், கம்பித்துண்டு எல்லாவற்றையும் ஒரு பால்மா டின்னில் போட்டுத் தந்தார். "நறநறன்னா நிப்பாட்டுங்க மிஸ். மத்ததுக்கெல்லாம் அம்மா இருக்காங்க."

நாவுல வளைவுகளையும் தம்புள்ளைச் சந்தையையும் அம்மா சத்தத்திலேயே சொல்லிக்கொண்டு வந்தார். மரதன்கடவளையில் நான் தூக்கக் கலக்கத்தில் இடதுகரையைத் தொட்டதையும் சொன்னார். வவுனியா தாண்டிச் சோதனைச் சாவடியில் ஓர் இளம் சிப்பாய் பொனட்டைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். மற்ற இருவரையும் கூப்பிட்டுக் காட்டினான். சோதனைக்கா, ரசிப்பதற்கா என்று எனக்கு விளங்கவில்லை. என்ன வருஷத்துக் கார் என்று சிங்களத்தில் கேட்டான். நான் சொன்னதும், "எங்கள் அப்பாவை விட மூப்பு" என்று சிரித்துக் கையால் சலாம் வைத்தான். அந்தச் சலாம் காருக்குத்தான்.

அதற்கு அப்பால் ரோட்டு, ரோட்டாக இல்லை. குழியும் செம்மண்ணும், இரண்டு பக்கமும் மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகைகளும், தலையில்லாத பனைகளும். அம்மா மெல்லப் பேச்சைக் குறைத்தார். "இது எந்த இடம்?" என்று முதல் தடவையாக என்னிடம் கேட்டார். சொன்னேன். பிறகு மறுபடியும் கேட்டார். கார் மட்டும் எந்தக் குழியிலும் முனகவில்லை. எஞ்சின் சூடு ஏறவில்லை, தண்ணீர்க் கான் திறக்கப்படாமலே கிடந்தது. உக்குவளையில் ஒரு மனிதர் எவ்வளவு கவனமாக ஒவ்வொரு திருகையும் இறுக்கியிருக்கிறார் என்பதை அந்த ரோட்டில்தான் நான் முழுதாக உணர்ந்தேன்.

கொடிகாமம் தாண்டினோம். நடுவில் அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று நான்கு தடவை வாயைத் திறந்தேன். நான்கு தடவையும் குழி ஒன்று வந்து காப்பாற்றியது.

ஒழுங்கைக்குள் திரும்பினேன். அம்மா கண்ணாடியை முழுவதும் இறக்கி, முகத்தை வெளியே நீட்டினார். நான் இரண்டாம் கியரில் மெதுவாகப் போனேன். அப்பா அப்படித்தான் போவார். தொம் தொம் என்று சத்தம் வெளியே போனது. போனது போனதுதான். எதுவும் திரும்பி வரவில்லை. எனக்கு முன்னால் புல்லும், செங்கல் குவியலும், அதற்கு அப்பால் பலாவும் தெரிந்தன.

"அம்மா, வீடு..." என்று தொடங்கினேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் நாக்கில் இருந்தன.

அம்மா கையை உயர்த்தினார்.

"மதில் இல்லை, என்ன?"

நான் எஞ்சின் ஓட ஓடக் காரை நிறுத்தினேன்.

"முன் விறாந்தையும் இல்லைப் போல. ஓடு இருந்தா மேலால ஒரு சத்தம் வரும். அதுவும் வரேல்லை."

"அம்மா, நான் சொல்ல இருந்தனான்..."

"எனக்குத் தெரியும் பிள்ளை. நீ சைலன்சர் மாத்தின அண்டைக்கே தெரியும். நல்லா இருக்கிற வீட்டுக்குப் போறவள் சத்தத்தை ஏன் குறைக்கிறாள்?"

நான் அழுதேன். நாற்பத்தைந்து வயதில், கந்தோரில் ஆட்களை அதட்டிப் பழகிய நான், ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். விழுந்துவிடுவார் என்று நான் மூன்று மாதமாகப் பயந்த மனிசி நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். கார்க் கை வெளியே நீண்டு நின்றுவிட்டால் தட்டுவது போல.

"தெரிஞ்சும் ஏன் அம்மா வந்தீங்க?"

"வீட்டைப் பாக்கவோ வந்தனான், கண் தெரியாதவள்? எஞ்சினை நிப்பாட்டாதை. கொஞ்சம் ஓட விடு."

ஓட விட்டேன். எதற்கென்று விளங்கவில்லை. அரை நிமிஷம் போயிருக்கும், ஒரு நிமிஷம் போயிருக்கும். அந்த வெறும் வளவில் எங்கள் பழைய கார் மட்டும் தொம் தொம் என்று தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டு நின்றது. அம்மா கழுத்தைச் சற்றுச் சரித்து, விக்கலைக் கண்டுபிடித்த அன்று கராஜில் இருந்த மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வளவில் படலை திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல், மூச்சிரைக்க:

"அந்தக் காரெல்லே! அக்கா வந்திட்டாவோ? அக்கா!"

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கூந்தலைத் தடவி முடிந்து, கதவுப்பிடியைத் தேடிப் பிடித்தார்.

"சரி, நிப்பாட்டு" என்றார். "பெற்றோல் வீணாப் போகுது."